ஆறிய பிறகும் ருசிக்கும் சோறு

ஏப்ரல் கடைசியிலிருந்து மே முதல் வாரம் வரை ஜப்பானில் அரசு விடுமுறைகள் அடுத்தடுத்து வரும். ‘கோல்டன் வீக்’ என்று பெயர். அந்த நாட்களில் டோக்கியோவிலிருந்து வடமேற்கே மலைப்பக்கம் போகும் கனெட்சு விரைவுச் சாலையில் 30, 40 கிலோமீட்டர் நீளத்துக்குக்கூடக் கார்கள் ஊர்ந்துகொண்டிருக்கும். நெரிசலுக்கு முந்திக்கொள்ள நினைப்பவர்கள் விடிகாலை ஐந்து மணிக்கே வண்டியை எடுத்துவிடுவார்கள். அந்த வீடுகளின் சமையலறையில் நான்கு மணிக்கே விளக்கு எரியும். முந்தின இரவு டைமர் வைத்த ரைஸ் குக்கரில் சோறு வெந்திருக்கும். அதை யாரும் சூடாகச் சாப்பிடப் போவதில்லை. உருட்டி, ஆறவைத்து, பொட்டலம் கட்டி வண்டியில் ஏற்றுவார்கள். நான்கு மணி நேரம் கழித்து, ஏதோ ஒரு மலைச்சரிவில் வண்டியை ஓரம் கட்டிவிட்டுச் சாப்பிடுவார்கள்.

“ஆறிப்போகுது, வந்து சாப்பிடு” என்று அடுக்களையிலிருந்து குரல் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆறினால் ருசி போய்விடும் என்பது நம் வீட்டுச் சட்டம். வழிக்குக் கட்டிக்கொண்டு போகும் புளியோதரைக்கு மட்டும் விலக்கு உண்டு. அதற்கு நல்லெண்ணெயைத் தாராளமாக விடுவோம், புளியை இறுக்கிக் காய்ச்சுவோம், மறுநாள்தான் அது இன்னும் நன்றாக இருக்கிறது என்றும் சொல்வோம். நம் சமையலில் ஒரு மூலையில் இருக்கும் இந்த அறிவை ஜப்பானியர்கள் தனிச் சமையல் துறையாகவே வளர்த்திருக்கிறார்கள். அவர்களுடைய ‘பென்டோ’ எனும் சாப்பாட்டுப் பெட்டியில் ஒரு பண்டத்துக்கு இடம் கிடைக்க வேண்டுமானால், அது நாலு மணி நேரம் கழித்து, ஆறிய நிலையில் எப்படியிருக்கும் என்ற கேள்வியைத் தாண்டி வர வேண்டும். நெடுஞ்சாலைப் பயணத்துக்கு அவர்கள் கட்டும் உணவு இவ்வளவு எளிதாகத் தெரிவதற்கு இதுதான் காரணம். யோசிக்க வேண்டியதையெல்லாம் வீட்டிலேயே யோசித்து முடித்துவிடுகிறார்கள்.

கையடக்கச் சோறு

அந்தப் பொட்டலத்தில் முதல் இடம் ஒனிகிரிக்கு. சோற்றை முக்கோணமாகப் பிடித்து, உள்ளே ஏதாவது வைத்து, கடற்பாசித் தாளான நோரியைச் சுற்றினால் ஒனிகிரி. தட்டு, கரண்டி எதுவும் வேண்டாம். கடலோர இஷிகாவா மாவட்டத்தில் 1987-இல் நடந்த அகழாய்வில், கருகிக் கட்டியாகிப்போன முக்கோண வடிவச் சோற்று உருண்டை ஒன்று கிடைத்தது. சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முந்தைய யயோய் காலத்தது. அது கிடைத்த ஊரின் நினைவாக ஜூன் 18-ஐ ஒனிகிரி நாளாக வைத்திருக்கிறார்கள். ஜனவரி 17-உம் ஒரு சோற்றுருண்டை நாள். 1995-இல் அதே தேதியில் கோபே நகரையும் சுற்றுவட்டாரத்தையும் உலுக்கிய பூகம்பத்தின்போது, வீடிழந்து நின்றவர்களுக்குத் தொண்டர்கள் கையால் பிடித்துக் கொடுத்த சோற்றை மறக்கக் கூடாது என்பதற்கான நாள் அது. விருந்துச் சாப்பாட்டுக்கு நாள் குறிப்பவர்கள் உலகமெங்கும் உண்டு. ஓர் உருண்டைச் சோற்றுக்கு இரண்டு நாள் ஒதுக்கியவர்கள் மேல் எனக்குத் தனி மரியாதை.

ஒனிகிரி ஆறியும் ருசிப்பதற்கு முதல் காரணம் அரிசி. ஜப்பானியர்கள் உண்ணும் குட்டையரிசியில் அமைலோஸ் என்ற மாவுச்சத்து நம் பொன்னியில் உள்ளதைவிடக் குறைவு. அதனால் சோறு ஒட்டிப் பிடிக்கும். ஆறினாலும் சட்டென்று விறைக்காது. ஆனால் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் கதை மாறும். மாவுச்சத்து மறுபடி இறுகுவது பூஜ்ஜியத்திலிருந்து ஐந்து டிகிரிக்குள்தான் மிக வேகமாக நடக்கும். ஜப்பானியக் கடைகளில் பால் பாட்டிலை ஜில்லென்றும், ஒனிகிரியை 20 டிகிரி வாக்கிலும் வைப்பதன் சூட்சுமம் இதுதான். வெயில் காலத்தில் காருக்குள் ஐஸ் பெட்டி வைத்திருப்பவர்களும் ஒனிகிரியைப் பனிக்கட்டி மேல் நேராக அடுக்க மாட்டார்கள். துண்டில் சுற்றி, சற்றே தள்ளி வைப்பார்கள். குளுமையும் வேண்டும், விறைக்கவும் கூடாது.

பிடிக்கும் விதத்திலும் நுணுக்கம் இருக்கிறது. சோறு சூடாக இருக்கும்போதே பிடிக்க வேண்டும். சுமார் 100 கிராம் சோறு ஓர் உருண்டைக்குச் சரி. உள்ளங்கையை நனைத்து உப்பைத் தடவி, சோற்றை வைத்து, நடுவில் குழி செய்து உள்ளடக்கத்தை வைத்து மூடுவார்கள். ஒரு கை அடியில் தாங்க, மற்றக் கை கூரை போல வளைந்து மேலிருந்து அழுத்தும். ஓர் அழுத்து, ஒரு திருப்பு. மறுபடி ஓர் அழுத்து, ஒரு திருப்பு. மூன்று நான்கு முறைக்குள் முக்கோணம் வந்துவிட வேண்டும். வெளியே உதிராமலும், கடித்தால் வாய்க்குள் பருக்கை பருக்கையாகப் பிரியும்படியும் இருக்க வேண்டும். இறுக்கிப் பிசைந்தால் களியாகிவிடும். இப்போதெல்லாம் வெறுங்கைக்குப் பதில் பிளாஸ்டிக் தாளில் வைத்துப் பிடிக்கச் சொல்கிறார்கள். தோலில் வாழும் ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமி சோற்றில் பெருகினால் உண்டாகும் நஞ்சு, சூடாக்கினாலும் போகாது. நாலு மணி நேரம் வண்டியில் இருக்கப் போகும் சோற்றுக்கு இந்தக் கவனம் அவசியம்தான்.

உள்ளே வைப்பதில் மூத்தது உமெபோஷி. ஆப்ரிகாட் இனத்துப் புளிப்புப் பழமான உமெவை ஜூன் மாதம் பறித்து உப்பில் ஊறவைத்து, கோடை வெயிலில் காயவைத்து எடுப்பது. பழைய முறையில் பழத்தின் எடையில் 18 முதல் 20 சதவீதம் உப்பு. புளிப்பும் உப்பும் சேர்ந்து சோறு கெடுவதைத் தள்ளிப்போடும். ஆனால் பழத்தை அப்படியே நடுவில் புதைத்தால் அதைச் சுற்றியுள்ள சோற்றுக்கு மட்டும்தான் காப்பு. விவரம் தெரிந்தவர்கள் கொட்டையை எடுத்துவிட்டுச் சதையை நறுக்கிச் சோறு முழுவதும் கலந்துவிடுவார்கள். தேன் சேர்த்து உப்பைக் குறைத்த இன்றைய உமெபோஷி நாக்குக்கு இதம், ஆனால் காப்பு குறைவு. வழிப்பயணத்துக்கு என்னைக் கேட்டால் முகம் சுளிக்க வைக்கும் பழைய ரகம்தான்.

காலையில் எழுந்து உருட்ட நேரமில்லாதவர்களுக்குக் கடை இருக்கிறது. டோக்கியோவின் தொயோசு பகுதியில் 1974-இல் முதல் கடை திறந்த செவன் இலெவன், நான்கு ஆண்டுகள் கழித்து ஒனிகிரிக்கு ஒரு புது உறை கொண்டுவந்தது. நோரி சோற்றின் ஈரத்தில் நமத்துப்போகாமல் இருக்க, இரண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள். இன்று கடையில் வாங்கும் ஒனிகிரியின் உச்சியில் ஒரு நாடா நீட்டிக்கொண்டிருக்கும். அதைப் பிடித்து முதுகுப்பக்கம் வரை ஒரு சுற்று இழுத்தால் உறை இரண்டாகப் பிளக்கும். வலது மூலையை இழு, இடது மூலையை இழு. உள்தாள் உருவிக்கொண்டு வர, மொறுமொறுவென்ற நோரி சோற்றின் மேல் படியும். எந்த மூலையை எப்போது இழுப்பது என்று எண் போட்டே காட்டியிருப்பார்கள். பின் இருக்கையில் உட்கார்ந்திருக்கும் ஐந்து வயதுக் குழந்தையும் இதைத் தானே செய்துவிடும். மயோனைஸ் கலந்த சூரை மீன் ஒனிகிரி செவன் இலெவனில் 1983-இல் வந்தது. இன்று கடைத்தட்டில் அது இல்லாத ஊர் கிடையாது.

வீட்டிலேயே செய்ய ஒரு குறுக்கு வழியும் உண்டு: ஒனிகிரசு. நோரித் தாளை விரித்து, சோற்றைப் பரப்பி, முட்டையோ காயோ வைத்து, மேலே மறுபடி சோறு வைத்து, நான்கு மூலைகளையும் கடித உறை போல மடித்துக் குறுக்கே வெட்ட வேண்டியதுதான். உருட்டும் கைப்பழக்கம் வேண்டாம். தொச்சி உவெயாமாவின் ‘குக்கிங் பாப்பா’ என்ற சமையல் மாங்காவில் 1990-களின் தொடக்கத்தில் வந்த யோசனை இது. இருபது ஆண்டுகளுக்கு மேல் கிடப்பில் கிடந்து, 2014 வாக்கில் திடீரென்று நாடெங்கும் பரவியது.

பெட்டியில் இடம் பிடிப்பவை

ஒனிகிரிக்குப் பக்கத்தில் வைக்க இனாரி சூஷியை மிஞ்ச ஆளில்லை. பொரித்த டோஃபுப் பையை வெந்நீர் ஊற்றி எண்ணெய் போக்கி, சோயா சாறு, சர்க்கரை, மிரின் எனும் இனிப்புச் சமையல் மது சேர்த்துக் கொதிக்கவைத்து, அந்தச் சாற்றிலேயே இரவு முழுக்க ஊறவிடுவார்கள். காலையில் பிழிந்து, காடியும் எள்ளும் கலந்த சோற்றை உள்ளே திணித்து வாயை மடித்துவிட்டால் முடிந்தது. டோக்கியோ பக்கம் அரிசி மூட்டை வடிவில் நீளமாக இருக்கும்; ஒசாகா பக்கம் முக்கோணம். காடி கெடாமல் காக்கும், சாறு சோற்றைக் காயாமல் காக்கும். கையில் மட்டும் கொஞ்சம் ஒட்டும், ஈரத்துணி ஒன்று பக்கத்தில் இருக்கட்டும்.

அடுத்தது தமகோயாகி, சுருட்டிய முட்டை அடை. சதுரக் கல்லில் மெல்லியதாக ஊற்றிச் சுருட்டி, மறுபடி ஊற்றி, மறுபடி சுருட்டுவது. கிழக்கே இனிப்பாகவும், மேற்கே தாஷி எனும் மீன்-கடற்பாசிச் சாறு கலந்தும் செய்வார்கள். பயணத்துக்கு இனிப்பு ரகமே நல்லது, சாறு கசியாது. உள்ளே வரை வெந்திருக்க வேண்டும். பிறகு கராகே: இஞ்சியும் சோயாவும் சேர்த்து ஊறவைத்து, உருளைக்கிழங்கு மாவில் புரட்டிப் பொரித்த கோழித் துண்டுகள். ஆறினால் நாக்குக்குச் சுவை மங்கித் தெரியும் என்பதால் பென்டோவுக்குச் செய்யும் எல்லாவற்றிலும் உப்பு, இனிப்பு, இஞ்சி ஒரு பிடி தூக்கலாகத்தான் இருக்கும். கொழுப்பு மிகுந்த மாட்டிறைச்சியும் வெண்ணெயில் வதக்கியதும் வீட்டு மேசைக்குச் சரி, பெட்டிக்கு ஆகாது. ஆறினால் கொழுப்பு வெள்ளையாக உறைந்து நாக்கில் ஒட்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், மூடி போடுவதற்கு முன் ஆறவிடுவது. தட்டில் பரப்பி விசிறியால் வீசிக்கூட ஆறவைப்பார்கள். சூட்டோடு மூடினால் ஆவி மூடியில் முத்து முத்தாகத் திரண்டு திரும்பச் சோற்றிலேயே சொட்டும். கெடுதல் அங்கிருந்துதான் ஆரம்பம். அழகுக்கு வைக்கும் கீரை இலையைக் கோடையில் தவிர்க்கச் சொல்வதும் அதன் ஈரத்துக்காகத்தான். ஆகஸ்ட் வெயிலில் நிறுத்திவைத்த காருக்குள் வெப்பம் 50 டிகிரியைத் தாண்டும் என்பதால், இறங்கிச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் சாப்பாட்டுப் பையைக் கையோடு எடுத்துக்கொண்டு போவார்கள்.

நொறுக்குத் தீனி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1995-இல் வந்த ஜகாரிகோ என்ற உருளைக்கிழங்குக் குச்சி, காரின் கோப்பை தாங்கியில் அச்சாக உட்காரும் குவளையில் வருவதால் வண்டிக்கென்றே பிறந்தது போல இருக்கும். சாக்லேட் பூசிய பிஸ்கட் குச்சியான போக்கியோ கோடையில் ஒரே கட்டியாகிவிடும்.

மலைக் கணவாயில் சூடான சோறு

ஆறிய சோறே எல்லோருக்கும் போதும் என்று நினைத்தால், அதற்கு மறுப்பு உசுயி கணவாயில் கிடைக்கும். குன்மா மாவட்டத்தின் யொகொகாவாவிலிருந்து நகானோ மாவட்டத்தின் கருயிசாவாவுக்கு ஏறும் மலைப்பாதை இது. அன்றைய ரயில்பாதை அவ்வளவு செங்குத்து. யொகொகாவாவில் ரயிலை நிறுத்தி, தள்ளுவதற்கு வேறு எஞ்சின்களைச் சேர்த்த பிறகுதான் மலையேற முடிந்தது. அந்த இடைவெளியில் நடைமேடையில் சாப்பாடு விற்றது ஒகினோயா நிறுவனம். 1950-களில் வியாபாரம் படுத்துவிட, அதை நடத்திய மினேஜி தகமிசாவா என்ற பெண்மணி ரயில் பயணிகளிடமே போய், என்ன சாப்பிட ஆசை என்று கேட்டார். எங்கே போனாலும் ஒரே மாதிரி ஆறிய பெட்டிச் சாப்பாடு அலுத்துவிட்டது, சூடாக, வீட்டுச் சாப்பாடு போல வேண்டும் என்பதுதான் கிடைத்த பதில். மஷிகோ ஊர்க் குயவர்கள் செய்த சிறு மண்பானையில் அவர் சோற்றை நிரப்பினார். கோழி, ஷியிதாகே காளான், மூங்கில் குருத்து, காடை முட்டை, கஷ்கொட்டை, இனிப்பில் ஊறிய ஓர் ஆப்ரிகாட் பழம். 1958-இல் விற்பனைக்கு வந்த அந்தப் பானைச் சோற்றுக்கு ‘தோகே நோ கமமேஷி’ என்று பெயர். மண் சூட்டைப் பிடித்து வைத்துக்கொண்டது. மக்கள் பானையை மடியில் வைத்துக் கையைச் சூடேற்றிக்கொண்டு சாப்பிட்டார்கள்.

1997-இல் நகானோவுக்கு ஷின்கான்சென் அதிவேக ரயில் வந்ததும், யொகொகாவா–கருயிசாவா மலை ரயில்பாதை மூடப்பட்டது. நடைமேடையை நம்பியிருந்த ஒரு சாப்பாடு அத்தோடு போயிருக்க வேண்டும். ஆனால் ஒகினோயா அதற்கு வெகுகாலம் முன்பே 18-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஓரத்தில் உணவகம் திறந்து கார்க்காரர்களைப் பிடித்துவிட்டிருந்தது. இன்று அந்தப் பக்கம் போகும் விரைவுச் சாலையின் யொகொகாவா ஓய்விடத்திலும் அந்தப் பானை கிடைக்கும். சாப்பிட்ட பிறகு பானையைக் கழுவி வீட்டுக்குக் கொண்டுபோகிறவர்கள் பலர். ‘ஒரு கோ’ எனும் 180 மில்லிலிட்டர் அளவு அரிசியை அடுப்பில் வைத்து வடிக்க அது கச்சிதமாக இருக்கும்.

நேரமிருப்பவர்கள் விரைவுச் சாலையை விட்டுப் பழைய 18-ஆம் எண் சாலையில் ஏறலாம். கருயிசாவா வரை 184 வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை உண்டு. குழந்தைகளுக்குக் குமட்டும் பாதை. ஏறுவதற்கு முன் வயிறு நிறையச் சாப்பிட வைக்காமல், வாயில் அடக்கிக்கொள்ள ஓர் உமெபோஷியைக் கொடுப்பது அங்கே பழக்கம். வழியில் மெகானெபாஷி என்ற சிவப்புச் செங்கல் பாலம், 1892-இல் பழைய பல்சக்கர ரயிலுக்காகக் கட்டியது. நீளம் 91 மீட்டர், உயரம் 31 மீட்டர். ரயில் போய் வெகுநாளாகிவிட்டது, இப்போது மேலே நடந்து போகலாம். பொட்டலத்தைப் பிரிக்க அந்த வழியில் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

கணவாயைத் தாண்டிய கருயிசாவாவில்தான் இன்னொரு வழிச்சோறு நாடறிந்ததாயிற்று. மோமோஃபுக்கு அந்தோவின் நிசின் நிறுவனம் 1971 செப்டம்பரில் கப் நூடுல்ஸை அறிமுகப்படுத்தியபோது, நின்றுகொண்டே காகிதக் குவளை போன்ற ஒன்றில் சாப்பிடுவது மக்களுக்கு விநோதமாகப் பட்டது. 1972 பிப்ரவரியில் தீவிர இடதுசாரிக் குழுவைச் சேர்ந்த ஐவர் கருயிசாவாவில் ஒரு மலை விடுதிக்குள் புகுந்து, அதன் பொறுப்பாளரின் மனைவியைப் பிணைக்கைதியாகப் பிடித்தார்கள். அசாமா சான்சோ சம்பவம். பத்து நாள் முற்றுகையிட்ட காவலர்களுக்கு வந்த பென்டோ உறைபனிக் குளிரில் கல்லாக உறைந்துபோனது. வெந்நீர் ஊற்றிய கப் நூடுல்ஸ்தான் அவர்கள் பசியை ஆற்றியது. ஆவி பறக்க அவர்கள் சாப்பிடுவதைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. ஆறிய சோற்றுக் கலைக்கு ஓர் எல்லை உண்டு என்பதைக் கருயிசாவாவின் குளிர் அன்று காட்டிவிட்டது. குளிர்காலத்தில் ஜப்பானியக் குடும்பங்கள் காரில் ஏற்றும் பொருள்களில் ஒரு பெரிய வெந்நீர்க் குடுவை கட்டாயம் இருக்கும். மிசோ எனும் சோயா விழுதில் செய்து உறைநிலையில் உலர்த்திய சூப் கட்டி ஒன்றைக் குவளையில் போட்டு வெந்நீர் ஊற்றினால், ஆறிய ஒனிகிரிக்குப் பக்கத்தில் சூடான சூப் தயார்.

நகானோ பக்கம் இன்னும் உள்ளே போனால் ஒயாகி காத்திருக்கும். நெல் சரியாக விளையாத மலைப் பள்ளத்தாக்குகளில் கோதுமையும் பக்வீட்டும்தான் சோறு. அந்த மாவை உருட்டி, உள்ளே நொசாவானா கீரை ஊறுகாயோ, பூசணியோ, மிசோ தடவிய கத்தரிக்காயோ வைத்துச் சுட்டு அல்லது வேகவைத்து எடுப்பது ஒயாகி. முன்பு அடுப்புச் சாம்பலில் புதைத்துச் சுடுவார்கள். வயலுக்குப் போகிறவர்கள் கையில் எடுத்துப்போன உணவு இன்று கார்க்காரர்களுக்கு உதவுகிறது.

வழியில் வாங்குவது

ஒயாகியைத் தேடிப் போக நல்ல இடம் ‘மிச்சி நோ எகி’. விரைவுச் சாலையில் ஏறாத வண்டிகளுக்காக, சாதாரண நெடுஞ்சாலைகளில் உள்ளூராட்சிகளும் சாலைத் துறையும் சேர்ந்து அமைத்த ஓய்விடங்கள். 1993-இல் 103 இடங்களோடு தொடங்கி இன்று 1,200-ஐத் தாண்டிவிட்டன. 24 மணி நேரமும் இலவச வாகன நிறுத்தமும் கழிப்பறையும் இருந்தாக வேண்டும். உள்ளே சந்தை போல, பக்கத்து ஊர் விவசாயிகள் காலையில் பறித்த காய்கனிகள் விளைவித்தவர் பெயரோடு அடுக்கியிருக்கும். 2004-இல் நீகதா பகுதியைப் பூகம்பம் தாக்கியபோது இந்த ஓய்விடங்களே உதவி மையங்களாக மாறின. வெள்ளரியும் தக்காளியும் ஆப்பிளும் வீட்டிலிருந்து சுமக்க வேண்டியதில்லை, இங்கே வாங்கிக்கொள்ளலாம். ஆனால் குப்பைக்கு ஒரு பை மறக்கக் கூடாது. ஜப்பானில் தெருவோரத் தொட்டிகள் மிகக் குறைவு. தன் குப்பையைத் தானே வீட்டுக்குக் கொண்டுபோவதுதான் வழக்கம். ஒனிகிரியை மூங்கில் மடலில் கட்டும் பழைய முறைக்கு இதனாலேயே இன்னும் ஆள் இருக்கிறது.

டோக்கியோவின் நிஷி-கசாய் போன்ற பகுதிகளில் தமிழ்க் குடும்பங்கள் கணிசமாக வாழ்கின்றன. அவர்களில் மரக்கறி மட்டும் உண்பவர்களுக்கு இந்த எளிய உணவில் ஒரு சிக்கல் உண்டு: தாஷி. கத்சுவோபுஷி எனும் உலர்த்திய சூரை மீன் சீவலும் கொம்பு கடற்பாசியும் சேர்ந்த அந்தச் சாறு, மீன் கண்ணில் படாத இடத்திலெல்லாம் இருக்கும். நிசினின் தொன்பெய் உதோன் குவளையை எடுத்துக்கொண்டால், கிழக்கு ஜப்பானில் மீன் சீவல் தூக்கல், மேற்கில் கொம்பு தூக்கல். எது எது என்று மூடியில் ‘ஈ’, ‘டபிள்யூ’ ஆகிய ஆங்கில எழுத்துகளில் ஒன்றைப் போட்டிருப்பார்கள். இரண்டிலும் மீன் உண்டு. கடையில் விற்கும் இனாரிப் பை பெரும்பாலும் தாஷியில் கொதித்தது. உமெபோஷியிலும் மீன் சீவல் கலந்த ரகம் இருக்கிறது. உறையின் பின்னால் உள்ள பொருள் பட்டியலைப் படித்துவிட்டுத்தான் வாங்க வேண்டும்.

வீட்டில் செய்தால் இந்தக் கவலை இல்லை. ஒரு துண்டு கொம்பையும் நான்கு உலர்ந்த ஷியிதாகே காளானையும் முந்தின இரவு தண்ணீரில் போட்டுவைத்தால், காலையில் கோயில் மடங்களில் துறவிகள் பயன்படுத்தும் சைவத் தாஷி கிடைத்துவிடும். அதில் டோஃபுப் பையைக் கொதிக்கவைக்கலாம். ஊறிய காளானைப் பொடியாக நறுக்கி, சோயாவும் சர்க்கரையும் சேர்த்து வற்றவைத்து ஒனிகிரிக்குள் வைக்கலாம். அரிசி மட்டும் பொன்னியாக இருக்கக் கூடாது. ஜப்பானியக் குட்டையரிசியே வேண்டும், இல்லையென்றால் முதல் வளைவிலேயே உருண்டை உதிர்ந்துவிடும்.